தானுந்துக் கூரை அமைப்பு

தானுந்துக் கூரை அமைப்பு என்பது தானுந்து ஒன்றின் கூரைத் தகடு, அதன் விளிம்புச் சட்டங்கள், அவற்றைத் தாங்கும் தூண்கள், முன் கண்ணாடி ஆகியவை சேர்ந்து உருவாகும் மேற்கட்டமைப்பு ஆகும். மழையையும் வெயிலையும் தடுப்பது இதன் வெளிப்படையான பணி. இதைத் தவிர இரண்டு பொறியியல் பணிகளும் இதற்கு உண்டு. முதலாவது, ஓடும் ஊர்தியின் உடல் முறுகாமல் விறைப்பாக இருக்கத் துணை செய்தல். இரண்டாவது, ஊர்தி கவிழ்ந்து உருளும்போது உள்ளிருப்போரின் தலைக்கு மேலுள்ள இடத்தைக் காத்தல்.

இவ்விரு பணிகளையும் ஒன்றெனக் கருதுவது பரவலான பிழை. முறுகாத உடல் கொண்ட ஊர்தியின் கூரை கவிழும்போது நசுங்கிவிடக்கூடும். கூரையே இல்லாத ஊர்தி ஒன்று வலிமையான வளைவுத் தண்டு ஒன்றினால் உயிரைக் காக்கவும் கூடும். முதற்பணி விறைப்பைச் சார்ந்தது, இரண்டாவது வலிமையைச் சார்ந்தது.

கூரையின் உறுப்புகள்

பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது கூரையைத் தாங்கும் தூண்கள் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி எனப் பெயரிடப்படுகின்றன. முன் கண்ணாடியின் இரு புறமும் சாய்ந்து நிற்பது ஏ தூண். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில் நிற்பது பி தூண். பின் இருக்கைக்குப் பின்னால் இருப்பது சி தூண். நீண்ட ஊர்திகளில் டி தூணும் உண்டு. தூண்களின் தலைகளை நீளவாக்கில் இணைப்பது கூரை விளிம்புச் சட்டம். முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் பின் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் குறுக்காகச் செல்வன குறுக்குச் சட்டங்கள். இவை யாவும் தகடுகளை அழுத்தி வடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய உட்குழிவான பெட்டிக் குறுக்குவெட்டு கொண்டவை. இச்சட்டகத்தின் மீது ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள கூரைத் தகடு பொருத்தப்படுகிறது. தகட்டின் அடியில் ஓரிரு வளைவுக் குறுக்குப் பட்டைகள் இருக்கும்.

கையால் அழுத்தினால் குழியும் இந்த மெல்லிய தகடு எதற்கு உதவும் என்று தோன்றலாம். தகட்டை அதன் பரப்புக்குச் செங்குத்தாக அழுத்தினால் எளிதில் வளையும். அதே தகட்டை அதன் தளத்திலேயே இழுத்துச் சாய்சதுரமாக மாற்ற முயன்றால் அது மிகக் கடுமையாக எதிர்க்கும். கூரைத் தகடு ஊர்தியின் விறைப்புக்கு உதவுவது இந்த இரண்டாவது பண்பினால்தான்.

முறுக்கு விறைப்பும் மூடிய பெட்டியும்

காலணி வாங்கும்போது கிடைக்கும் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூடியை அகற்றிவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்கினால் பெட்டி எளிதில் கோணிப்போகும். மூடியை வைத்து அதன் விளிம்புகளை நாடாவால் ஒட்டிய பின் முறுக்கிப் பார்த்தால் அதே அட்டை அசைய மறுக்கும். கூட்டப்பட்ட அட்டையின் எடை சிறிது. விறைப்பில் ஏற்பட்ட மாற்றமோ பன்மடங்கு. மூடிய பெட்டியை முறுக்கும்போது அதன் ஆறு முகங்களும் தத்தம் தளத்தில் சாய்சதுரமாக முயல்கின்றன. ஒவ்வொரு முகமும் அதை எதிர்த்து, விசையை அடுத்த முகத்தின் விளிம்புக்குக் கடத்துகிறது. பொறியியலில் இது சறுக்கு விசை ஓட்டம் எனப்படும். ஒரு முகம் இல்லாவிட்டால் இந்த ஓட்டம் அறுபட்டுப் போகும். மீதமுள்ள ஐந்து முகங்களும் தத்தம் தளத்தில் எதிர்க்க வாய்ப்பின்றி, வெறுமனே வளைந்து கொடுக்கும்.

இதே உண்மையை ஒரு குழாயைக் கொண்டு எண்ணளவில் காட்டலாம். 25 மில்லிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள வட்டக் குழாய் ஒன்றை நீளவாக்கில் ஒரு கோடாகப் பிளந்துவிட்டால் அதன் முறுக்கு விறைப்பு எவ்வளவு குறையும்? மூடிய குழாயின் விறைப்புக்கும் பிளந்த குழாயின் விறைப்புக்கும் உள்ள விகிதம், ஆரத்தைத் தடிப்பால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கினால் கிடைக்கும். 25 இன் வர்க்கம் 625. அதன் மும்மடங்கு 1875. ஒரு துளி உலோகமும் அகற்றப்படாமல், பிளவு ஒன்றினால் மட்டுமே விறைப்பு ஏறத்தாழ 1900 இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

தானுந்து இத்தகைய முழுமையான மூடிய பெட்டி அன்று. பக்கச் சுவர்களில் கதவுகளுக்கும் சன்னல்களுக்குமாகப் பெரிய திறப்புகள் உள்ளன. ஆகவே பக்கச் சுவர் தகடு போல அல்லாமல், தூண்களும் சட்டங்களும் சேர்ந்த சாளரச் சட்டகம் போலச் செயற்படுகிறது. அச்சட்டகம் சாய்சதுரமாவதைத் தடுப்பவை தூண்களின் வளைவு எதிர்ப்பும் மூட்டுகளின் உறுதியுமே. தூணின் நடுப்பகுதியை எவ்வளவு தடிப்பாக்கினாலும் அதன் அடிமூட்டு நெகிழ்வாக இருந்தால் பயனில்லை. உடற்கட்டமைப்பைக் கணிக்கும் பொறியாளர்கள் மூட்டுகளின் மீது மிகுந்த கவனம் செலுத்துவது இதனால்தான். போலந்துப் பொறியாளர் யானுசு பவ்லோவ்சுக்கி 1960களில் வகுத்த எளிய கட்டமைப்புப் பரப்பு முறையில் ஊர்தியின் ஒவ்வொரு முகமும் ஒரு தட்டையான தகடாகக் கருதப்பட்டு, விசை எங்கிருந்து எங்கே செல்கிறது என்பது காகிதத்திலேயே கணிக்கப்படுகிறது. கணினிவழி நுண்கூறு முறைகள் பெருகிய பின்னும், விசைப்பாதை எங்கே அறுபடுகிறது என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான வழி அரிது.

முன் கண்ணாடியும் இப்பெட்டியின் ஒரு முகமே. பழைய ஊர்திகளில் அது ரப்பர்ப் பட்டையில் பதிக்கப்பட்டிருந்ததால் விசையைப் பெரிதாகக் கடத்தவில்லை. பாலியூரித்தேன் பசையினால் உடலோடு ஒட்டப்படும் முறை வந்த பின், கண்ணாடி சறுக்கு விசையைத் தாங்கும் கட்டமைப்பு உறுப்பாகவே மாறிவிட்டது. முன் கண்ணாடியை மாற்றும்போது பசை முழுமையாக இறுகும் வரை ஊர்தியை ஓட்ட வேண்டாம் என்று பணியாளர்கள் அறிவுறுத்துவது மழைநீர் கசியும் என்பதற்காக மட்டும் அன்று.

விறைப்பு ஏன் தேவை

ஒரு சக்கரம் மட்டும் கல்லின் மீது ஏறும்போது ஊர்தியின் உடல் நீளவாக்கில் முறுக்கப்படுகிறது. உடல் முறுகினால் தொங்கல் அமைப்பின் சுருள்வில்களும் அதிர்வடக்கிகளும் தாம் கணிக்கப்பட்டவாறு இயங்கா. உடலே இன்னொரு சுருள்வில் போல நடந்துகொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையில் சுமை பகிரப்படுவது தாமதமாகும், திருப்பும் சக்கரத்தின் உணர்வு மங்கும். கதவு இடைவெளிகள் மாறி ஒலி எழும்பும். நாளடைவில் பற்றவைத்த புள்ளிகளில் களைப்பு வெடிப்புகள் தோன்றலாம்.

முறுக்கு விறைப்பு, உடலை ஒரு பாகை முறுக்கத் தேவையான திருப்புத்திறனாக அளக்கப்படுகிறது. கூரையை அகற்றுவதன் விலை என்ன என்பதை ஒரே ஊர்தியின் இரு வடிவங்களை ஒப்பிட்டு அறியலாம். லம்போர்கினி நிறுவனம் தன் அவென்டடோர் ஊர்தியின் மூடிய வடிவத்துக்குப் பாகைக்கு 35,000 நியூட்டன் மீட்டர் என்றும், கழற்றக்கூடிய கூரை கொண்ட ரோட்சுடர் வடிவத்துக்கு 22,000 நியூட்டன் மீட்டர் என்றும் அறிவித்தது. கரியிழையால் ஆன உறுதியான நடுக்கூடு கொண்ட ஊர்தியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு நேர்ந்துள்ளது. எஃகுத் தகட்டால் ஆன குடும்ப ஊர்தியின் கூரையை அறுத்தால் இழப்பு இதனினும் மிகுதி.

திறந்த கூரை ஊர்திகள்

ஒற்றைக்கூட்டு உடலின் முன்னோடியாகக் கருதப்படும் லான்சியா லாம்டா (1922) ஒரு திறந்த ஊர்தி என்பது வியப்புக்குரியது. வின்சென்சோ லான்சியா கப்பலின் உடலை ஒத்த கட்டமைப்பை விரும்பினார். கூரை இல்லாத குறையை ஆழமான பக்கச் சுவர்களும் இருக்கைகளுக்குப் பின்னும் முன்னும் அமைந்த குறுக்குச் சுவர்களும் ஈடுசெய்தன. இதனால் கதவுகள் சிறியனவாக அமைந்தன. ஆழமான பக்கச் சுவர், எளிதான வாசல் ஆகிய இரண்டையும் ஒருங்கே பெற முடியாது என்ற இக்கட்டு இன்றும் தொடர்கிறது.

மூடிய ஊர்தி ஒன்றைத் திறந்த ஊர்தியாக மாற்றும்போது பொறியாளர்கள் வழக்கமாகச் செய்வன: கதவுக்குக் கீழே செல்லும் வாசற்படிச் சட்டங்களைத் தடிப்பாக்கி உள்ளே இன்னொரு தகட்டைச் சேர்த்தல், தரைக்கு அடியில் பெருக்கற்குறி வடிவில் தண்டுகளைப் பொருத்துதல், முன் கண்ணாடிச் சட்டகத்தையும் பின் இருக்கைக்குப் பின்னுள்ள குறுக்குச் சுவரையும் வலுப்படுத்துதல். இவற்றால் எடை கூடும். கூரையை நீக்கிய ஊர்தி மூடிய ஊர்தியை விடக் கனமாக இருப்பதன் காரணம் இதுவே. இவ்வளவு செய்த பின்னும் கரடுமுரடான சாலையில் முன் கண்ணாடிச் சட்டகமும் ஓட்டுநர்முன் பலகையும் நடுங்குவது பல திறந்த ஊர்திகளின் அடையாளமாகவே இருந்தது.

தொடக்கம் முதலே கூரையை நம்பாமல் வடிவமைத்தால் இத்தொல்லை குறைவு. 1962 இல் வெளிவந்த லோட்டசு எலான் ஊர்தியில், நடுவே முதுகெலும்பு போலச் செல்லும் எஃகுப் பெட்டிச் சட்டமே விறைப்பு முழுவதையும் தந்தது. மேலே இருந்த கண்ணாடியிழை உடல் பெரிதும் போர்வையே. மெக்லாரன் நிறுவனம் எம்பி4-12சி ஊர்தியின் கரியிழைத் தொட்டியை அவ்வாறே அமைத்ததால், 2012 இல் அறிமுகமான திறந்த வடிவத்துக்குக் கூடுதல் வலுவூட்டல் தேவைப்படவில்லை என்றும், கூடிய 40 கிலோகிராம் எடை கூரையின் இயங்குபொறிக்கு உரியது என்றும் அறிவித்தது.

இடைப்பட்ட தீர்வுகளும் உள்ளன. 1965 இல் பிராங்க்ஃபுர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட போர்சே 911 டார்கா, கழற்றக்கூடிய நடுக்கூரையையும் அதன் பின்னே நிலையான அகன்ற உருளல் வளைவையும் கொண்டிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் திறந்த ஊர்திகள் தடைசெய்யப்படலாம் என்ற அச்சமே இதற்குத் தூண்டுகோல். செவர்லே கார்வெட்டின் 1968 ஆம் ஆண்டு வடிவத்துக்கும் முதலில் ஒரே துண்டான கழற்றும் கூரை திட்டமிடப்பட்டது. உடல் முறுகுவது கண்டறியப்பட்டதால், முன் கண்ணாடிச் சட்டகத்தையும் பின்வளைவையும் இணைக்கும் நடுச்சட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. அழகுக்காக எனப் பலரும் எண்ணிய "டி" வடிவக் கூரை இவ்வாறு பிறந்ததே.

அஞ்சிய தடை வரவில்லை. எனினும் திறந்த ஊர்திகளின் விற்பனை குன்றி, 1976 ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ கடைசி அமெரிக்கத் திறந்த ஊர்தி என விளம்பரப்படுத்தப்பட்டது. 1982 இல் கிரைசுலர் லெபாரன் மூலம் அவ்வகை மீண்டும் வந்தது.

கவிழ்தலின் இயக்கவியல்

ஊர்தி கவிழுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் வடிவளவே. இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தொலைவை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது நிலை நிலைத்தன்மைக் காரணி. சக்கர இடைவெளி 1.55 மீட்டரும் ஈர்ப்பு மைய உயரம் 0.53 மீட்டரும் உள்ள தாழ்ந்த ஊர்திக்கு இது ஏறத்தாழ 1.46. அதே இடைவெளியும் 0.70 மீட்டர் உயரமும் உள்ள உயர்ந்த ஊர்திக்கு 1.11 மட்டுமே. சமதளச் சாலையில் டயரின் உராய்வு மட்டும் ஒரு சாதாரண தானுந்தைக் கவிழ்ப்பது அரிது. பெரும்பாலான கவிழ்தல்கள், பக்கவாட்டில் சறுக்கும் ஊர்தியின் சக்கரம் மென்மண்ணிலோ சாலை விளிம்புக் கல்லிலோ தடுக்கி நேர்பவை.

ஐக்கிய அமெரிக்காவில் 2000களில் பயணியர் ஊர்தி விபத்துகளில் ஏறத்தாழ 3 விழுக்காடே கவிழ்தல்கள். எனினும் ஊர்திக்குள் இருந்தோர் இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றில் நேர்ந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் வரை இறந்தனர். 2000 ஆகத்தில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற நிகழ்வும், அத்துடன் தொடர்புடைய உயர்ந்த ஊர்திகளின் கவிழ்தல்களும் இச்சிக்கலைப் பொதுமக்கள் முன் கொண்டுவந்தன.

கவிழ்ந்து உருளும் ஊர்தியின் மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால் கூரை உட்கொள்ள வேண்டிய பங்கு சிறிது. 1500 கிலோகிராம் நிறையுள்ள ஊர்தி மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 370 கிலோயூல். அதே ஊர்தி தலைகீழாக 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது கூரை மீது வரும் ஆற்றல் 4.4 கிலோயூல் மட்டுமே. மீதி ஆற்றல் பல சுற்று உருளலில் உராய்வாகச் சிறிது சிறிதாகத் தேய்கிறது. கூரை நிலைத்து நிற்குமாயின், நேர்மோதலை விடக் கவிழ்தல் மென்மையான விபத்தாகவே இருக்க இயலும். பந்தய ஊர்திகள் பத்துச் சுற்று உருண்ட பின்னும் ஓட்டுநர்கள் நடந்து வெளியேறுவது இதனால்தான்.

கூரையின் வலிமை, ஊர்தியின் எடையின் எத்தனை மடங்கு விசையை அது தாங்கும் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. இந்த எண் சற்றுக் கூடுவதன் பயன் பெரிது. கூரை ஒரே அளவான விசையோடு நசுங்குகிறது என்று எளிமைக்காகக் கொள்வோம். மேற்சொன்ன 30 சென்டிமீட்டர் வீழ்ச்சியில் கூரை நசுங்க நசுங்க ஊர்தி மேலும் கீழிறங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்போது நசுங்கும் ஆழம், வீழ்ச்சி உயரத்தை விகிதத்தில் ஒன்று குறைத்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும். விகிதம் 1.5 எனில் 30 ஐ 0.5 ஆல் வகுக்க வேண்டும்: 60 சென்டிமீட்டர். அதாவது கூரை இருக்கையின் முதுகு வரை வந்துவிடும். விகிதம் 3 எனில் 15 சென்டிமீட்டர், 4 எனில் 10 சென்டிமீட்டர். விகிதம் இரு மடங்காகும்போது நசுங்கல் நான்கில் ஒன்றாகிறது. உண்மையான விபத்தில் விசை மூலையில் சாய்வாக வருவதாலும், உருளும் ஊர்தி நேராக விழாததாலும் இவ்வெண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் போக்கு இதுவே.

உருளும் ஊர்தியின் கூரையில் முதலில் தரையைத் தொடும் பக்கத்தை விட இரண்டாவதாகத் தொடும் பக்கமே பெரும்பாலும் கூடுதலாக நசுங்குகிறது. முதல் தொடுகையில் முன் கண்ணாடி உடைந்து, கூரை தன் துணைகளில் ஒன்றை இழந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஏ தூணும் விளிம்புச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சந்திக்கும் முன் மூலையே இங்கு உயிர்நிலை. காற்றுத்தடையைக் குறைக்க முன் கண்ணாடியை மிகச் சாய்க்கும்போது ஏ தூண் நீண்டு, மேலிருந்து வரும் விசையை அச்சு வழியே தாங்குவதற்குப் பதிலாக வளைந்து தாங்க நேர்கிறது. நிமிர்ந்து நிற்கும் குட்டையான தூணே இப்பணிக்கு ஏற்றது. அழகியலும் எரிபொருள் சிக்கனமும் இதற்கு நேர் எதிரானதைக் கேட்கின்றன.

கூரைச் சோதனைகளும் சட்டங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு இயங்கூர்திப் பாதுகாப்புச் சீர்தரம் 216, 1971 இல் வெளியிடப்பட்டு 1973 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இச்சோதனையில் 1829 மில்லிமீட்டர் நீளமும் 762 மில்லிமீட்டர் அகலமும் உள்ள தட்டையான எஃகுப் பலகை, பக்கவாட்டில் 25 பாகையும் முன்னோக்கி 5 பாகையும் சாய்த்து, கூரையின் முன் மூலை மீது மெதுவாக அழுத்தப்படுகிறது. பலகை 127 மில்லிமீட்டர் இறங்குவதற்குள் ஊர்தி எடையின் 1.5 மடங்கு விசையைக் கூரை காட்ட வேண்டும். ஆனால் பயணியர் தானுந்துகளுக்கு இவ்விசை 22,240 நியூட்டனுக்கு மேல் போக வேண்டியதில்லை என ஓர் உச்சவரம்பு இருந்தது. 2000 கிலோகிராம் நிறையுள்ள பெரிய ஊர்திக்கு இவ்வரம்பு, எடையின் 1.13 மடங்கே. கனமான ஊர்திக்குக் குறைந்த காப்பு என்ற இந்த விந்தை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. திறந்த ஊர்திகள் விலக்குப் பெற்றன.

இத்தாமதத்தின் பின்னணியில் ஒரு நீண்ட அறிவியல் வழக்கு உள்ளது. 1980களில் ஜெனரல் மோட்டார்சு பொறியாளர்கள் செவர்லே மாலிபு ஊர்திகளை உருட்டிச் சோதித்தனர். அவற்றில் பாதி இயல்பான கூரையும், பாதி உள்ளே எஃகுக் கூண்டும் கொண்டவை. முதல் தொடரின் முடிவுகள் 1985 இலும், இருக்கைப் பட்டை அணிவித்த பொம்மைகளைக் கொண்ட இரண்டாம் தொடரின் முடிவுகள் 1990 இலும் வெளிவந்தன. தலை கீழ்நோக்கித் தொங்கும் பயணி, கூரை தரையைத் தொடும் கணத்தில், தன் எடையாலும் விரைவாலும் கூரையில் மோதிக் கழுத்தில் காயமடைகிறார். கூரை நசுங்குவது காயத்துக்குக் காரணம் அன்று, உடன்நிகழ்வு மட்டுமே என்பது அவர்கள் முடிவு. அவ்வாறாயின் கூரையை வலுப்படுத்துவதில் பயன் சிறிதே. இதை மறுத்தோர், அதே தரவுகளை மீண்டும் ஆய்ந்து, கூரை உள்நோக்கிப் பாயும் விரைவே கழுத்து விசையைக் கூட்டுகிறது என்றனர். நீதிமன்றங்களில் இரு தரப்பு வல்லுநர்களும் ஒரே சோதனைப் படச்சுருள்களை எதிரெதிராக விளக்கினர்.

பொம்மைகளைக் கொண்டு தீராத இவ்வழக்கில் உண்மை விபத்துப் பதிவுகள் ஒரு பக்கம் சாய்ந்தன. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, நடுத்தர அளவுள்ள 11 வகை உயர்ந்த ஊர்திகளின் கூரைகளைச் சோதித்து, அவ்வூர்திகள் கவிழ்ந்த விபத்துகளோடு ஒப்பிட்டது. வலிமை விகிதம் ஓர் அலகு கூடும்போது, இறப்புக்கோ செயலிழக்கச் செய்யும் காயத்துக்கோ உள்ள வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு குறைவதாக அது மதிப்பிட்டது. கூரை நசுங்கல் வெறும் உடன்நிகழ்வு எனில் இத்தகைய தொடர்பு தோன்ற வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் தன் தரமதிப்பீட்டைத் தொடங்கியது. விகிதம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் "நன்று" என்ற தரம் தரப்பட்டது.

2009 மே மாதத்தில் திருத்தப்பட்ட சீர்தரம் 216ஏ வெளிவந்தது. மொத்த எடைத்தகுதி 2722 கிலோகிராம் வரையுள்ள ஊர்திகளுக்கு விகிதம் 3 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் 4536 கிலோகிராம் வரையுள்ளவற்றுக்கு 1.5 எனப் புதிதாக விதிக்கப்பட்டது. ஒரே ஊர்தியின் இரு பக்கங்களும் அடுத்தடுத்து அழுத்தப்படுகின்றன. முதற்பக்கச் சோதனையில் கண்ணாடி உடைந்திருந்தாலும் இரண்டாம் பக்கம் தாங்க வேண்டும். 2012 செப்டம்பர் முதல் இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இத்திருத்தம் ஆண்டுக்கு 135 இறப்புகளைத் தடுக்கும் என்பது அரசின் மதிப்பீடு. பத்தாயிரம் இறப்புகளில் இது சிறு பங்கே என்பதைக் காணலாம். கவிழ்தலில் இறந்தோரில் பெரும்பகுதியினர் இருக்கைப் பட்டை அணியாமல் ஊர்திக்கு வெளியே எறியப்பட்டவர்கள். அவர்களுக்குக் கூரையின் வலிமையால் நேரடிப் பயன் குறைவு. இதற்கு மாறாக, ஊர்தி சறுக்கத் தொடங்கும்போதே தனித்தனிச் சக்கரங்களைத் தடுத்து நிலைப்படுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அனைத்து இலகு ஊர்திகளிலும் பொருத்தப்பட்ட பின் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 வரையிலான உயிர்களைக் காக்கும் என 2007 இல் மதிப்பிடப்பட்டது. எனினும் கூரையின் பங்கை 135 என்ற எண்ணோடு மட்டும் நிறுத்துவது சரியன்று. கூரைச் சட்டகம் கோணினால் பக்கக் கண்ணாடிகள் நொறுங்கி வெளியே எறியப்படும் வழி திறக்கிறது. கதவுகள் சிக்கி மீட்பு தாமதமாகிறது. பக்கத் திரைக் காற்றுப்பைகள் விரிந்து நிற்கவும் சிதையாத சட்டகம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தானுந்துகளுக்கு இதையொத்த கூரை நசுக்கச் சட்டம் இல்லை. பேருந்துகளின் நிலை வேறு. ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதி 66 இன்படி, பேருந்தின் உடல் 800 மில்லிமீட்டர் ஆழப் பள்ளத்தில் பக்கவாட்டில் கவிழ்க்கப்படும். பயணியர் இருக்கும் இடத்துக்கென வரையறுத்த வெளிக்குள் கட்டமைப்பின் எப்பகுதியும் நுழையக் கூடாது. இந்தியாவில் ஏஐஎசு-031 என்ற சீர்தரம் பேருந்துகளுக்கு இதையொத்த சோதனையைக் குறிக்கிறது. உழவு இயந்திரங்களின் கவிழ்தல் காப்புச் சட்டகத்தை சுவீடன் 1959 இலேயே கட்டாயமாக்கியது. கூரையின் வலிமை உயிர்காக்கும் என்பதை வேளாண்மை உலகம் தானுந்து உலகத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டது எனலாம்.

பொருள்களும் வடிவமும்

தூண்களை வலுப்படுத்தச் சூட்டில் வடித்த போரான் எஃகு பரவலாகப் பயன்படுகிறது. சாதாரண மென்னெஃகு ஏறத்தாழ 300 மெகாபாசுகல் இழுவலிமை கொண்டது. போரான் எஃகு ஏறத்தாழ 1500. 2002 இல் வெளிவந்த வால்வோ எக்சுசி90 கூரைச் சட்டகத்தில் இதைப் பயன்படுத்திய தொடக்கக்கால எடுத்துக்காட்டு. ஆனால் எஃகு எவ்வகையாயினும் அதன் யங் குணகம் ஏறத்தாழ 210 கிகாபாசுகலே. மென்னெஃகுத் தூணை அதே வடிவில் போரான் எஃகுத் தூணாக மாற்றினால் வலிமை ஐந்து மடங்காகும், விறைப்போ மாறாது. வலிமை கூடிவிட்டதென்று தகட்டை மெலிதாக்கினால் விறைப்பு குறையவே செய்யும். விறைப்பைக் கூட்டும் வழி குறுக்குவெட்டைப் பெரிதாக்குவதும் மூட்டுகளை உறுதியாக்குவதுமே ஆகும். தூண் பெரிதானால் ஓட்டுநரின் பார்வை மறைகிறது; திருப்பத்தில் சாலையைக் கடப்பவர் ஏ தூணின் பின்னே முழுமையாக மறைந்துவிடக்கூடும்.

எடையும் ஒரு தடை. 1500 கிலோகிராம் ஊர்தி ஒன்றின் ஈர்ப்பு மையம் 0.55 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கூரை மட்டத்தில், 1.4 மீட்டர் உயரத்தில், 20 கிலோகிராம் சேர்த்தால் ஈர்ப்பு மையம் 11 மில்லிமீட்டர் உயர்கிறது; நிலைத்தன்மைக் காரணி 2 விழுக்காடு குறைகிறது. இதற்கு எதிர்த்திசையில், 2003 ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எம்3 சிஎசுஎல் போன்ற ஊர்திகளில் கூரைத் தகடு கரியிழையால் அமைக்கப்பட்டது.

வடிவத்தாலேயே வலிமை தேடிய முயற்சிகளில் மெர்சிடிசு-பென்சு 230 எசுஎல் (1963) குறிப்பிடத்தக்கது. இதன் கழற்றும் கூரை, நடுவில் தாழ்ந்தும் இரு ஓரங்களில் உயர்ந்தும் இருந்ததால் பகோடா எனப் பெயர் பெற்றது. இந்தக் குழிந்த கூரைக் கருத்து, பயணியர் பாதுகாப்புக் கூட்டின் முன்னோடியான பேலா பரேன்யியின் காப்புரிமை ஒன்றிலிருந்து வந்தது. பின்னாளில் அதே வரிசையின் 1989 ஆம் ஆண்டுத் திறந்த வடிவத்தில், கவிழ்தலை உணர்கருவி கண்டவுடன் 0.3 நொடியில் தானே எழுந்து நிற்கும் உருளல் வளைவு பொருத்தப்பட்டது.

அகன்ற கண்ணாடிக் கூரைகள் பெருகியுள்ளமையால், கூரைத் தகட்டின் பழைய பணி இன்று பல ஊர்திகளில் வேறு உறுப்புகளுக்கு மாறியுள்ளது. தகடு இருந்த இடத்தில் திறப்பு வருவதால் அதைச் சுற்றி வளையம் போன்ற சட்டம் அமைக்கப்படுகிறது. பி தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் தடிப்பாகிறது. நிலையாக ஒட்டப்பட்ட கண்ணாடி சறுக்கு விசையின் ஒரு பகுதியைத் தாங்கும், நகரும் கண்ணாடியோ அவ்வாறு தாங்காது. தொழிற்சாலையில் இவ்வாறு வடிவமைத்துச் சோதித்த கூரைக்கும், விற்பனைக்குப் பின் பட்டறையில் தகட்டையும் அதன் அடியிலுள்ள குறுக்குப் பட்டையையும் அறுத்துப் பொருத்திய கூரைச் சாளரத்துக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. மின்கல ஊர்திகளில் தரைக்கு அடியிலுள்ள கனமான மின்கலப் பெட்டி ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்திக் கவிழ்தலை அரிதாக்குகிறது. உறுதியான அப்பெட்டி உடலின் முறுக்கு விறைப்பையும் உயர்த்துகிறது. ஆனால் கூரையின் வலிமைத் தேவை எடையின் மடங்காகக் கணிக்கப்படுவதால், அதே மின்கலப் பெட்டியின் எடை தூண்கள் தாங்க வேண்டிய விசையையும் கூட்டிவிடுகிறது.